டம்ளரை யார் கழுவுவது?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் பெங்களூரு வாசகர்களிடம் ஒன்று கேட்டிருந்தோம்: நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் குப்பை, தண்ணீர், கரன்ட் எதையாவது குறைக்க முயற்சி செய்தீர்களா, எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது? வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப இருந்த வரி, "சொன்னால் யாரும் கேட்பதில்லை" என்பதுதான். இந்த ஊரில் 19 வருடம் அலுவலகக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் நான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளமாகப் போய்விட்டன, அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அக்கா, ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். எங்கள் தளத்தில் 140 பேர். சுற்றுச்சூழல் குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று உறுதிமொழி எடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம், எல்லோருக்கும் பீங்கான் மக் கொடுத்தோம். இரண்டே வாரம்தான், மறுபடி எல்லோர் கையிலும் பேப்பர் கப். இவர்கள் மனதை எப்படித்தான் மாற்றுவது?

பதில்: மனதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் பேன்ட்ரியில் ஒரு ஓரமாக அரை மணி நேரம் நின்று, டீ எடுக்க வருகிறவர்களின் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். மெஷின் பக்கத்திலேயே கப் அடுக்கி வைத்திருக்கும், கை அதைத்தான் எடுக்கும். மக்கோ, மேஜையில் காலை டீயின் கறையோடு கிடக்கும். அதைக் கழுவ வேண்டும் என்றால் சிங்க் எங்கே, சோப்பு இருக்கிறதா, தேய்க்க நார் இருக்கிறதா, கழுவியதைக் கவிழ்த்து வைக்க ஒரு தட்டாவது இருக்கிறதா? அடுத்த மீட்டிங்குக்கு மூன்று நிமிடம் இருக்கிறவர் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை, நேரம்தான் இல்லை. உங்கள் போஸ்டரைப் படித்து உண்மையாகவே வருத்தப்பட்டவரும் அன்று பேப்பர் கப்பில்தான் குடித்திருப்பார்.

பேப்பர் கப் என்று பெயர்தானே தவிர, உள்பக்கம் ஈரம் தாங்குவதற்காக மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும். அதனால் சாதாரணக் காகிதத்தோடு அதைச் சேர்த்துக் கரைத்து மறுசுழற்சி செய்ய முடியாது. டீ மிச்சம் வேறு ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர் வாங்குகிறவரும் தொட மாட்டார். உங்கள் தளத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள்: 140 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டீ, மாதம் 22 நாள் என்றால் 6,160 கப். கப் ஒரு ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் ஆறாயிரத்துக்கு மேல் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. உண்மையான விலை என்ன என்று பர்ச்சேஸ் பிரிவில் பில்லைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசுங்கள்.

சரி, பேசி என்ன கேட்பது? ஒரு 200 எவர்சில்வர் டம்ளர், கவிழ்த்து வைக்க கம்பி ரேக், அப்புறம் முக்கியமாக, அதைக் கழுவ ஒரு ஆள் அல்லது பாத்திரம் கழுவும் மெஷின். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே டீ போட்டு, மேஜை துடைத்து, மீட்டிங் அறைக்குத் தண்ணீர் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் பேன்ட்ரி அண்ணன் தலையில் 280 டம்ளரையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நாங்கள் பசுமை அலுவலகம் என்று சொல்லிக்கொள்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ரொம்பத் தப்பு அது. கப்பில் மிச்சமாகும் பணத்தில் அவருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுங்கள், இல்லையென்றால் பகுதி நேரத்துக்கு இன்னொருவரை எடுங்கள். அந்தப் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

நான் இருந்த ஒரு அலுவலகத்தில் இதைத் தொடங்கியபோது நடந்ததையும் சொல்கிறேன். டம்ளர் வந்து நாலாவது நாள், டீயில் பினாயில் வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால் மாப் அலசுகிற அதே சிங்க்கில்தான் டம்ளரும் கழுவப்படுகிறது, அந்தத் தளத்தில் வேறு சிங்க்கே கிடையாது! தனி சிங்க்குக்கு நிர்வாகம் ஒப்புக்கொள்ள ஏழு வாரம் ஆனது, அந்த ஏழு வாரமும் எல்லோரும் பேப்பர் கப்புக்குத் திரும்பிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்க் வந்தது, பக்கத்தில் வெந்நீர்க் குழாய் வைத்தோம், அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பேப்பர் கப்பை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். விருந்தினருக்கு ஒரு கட்டு இருக்கட்டும், ஆனால் கண்ணில் படாத அலமாரியில், கேட்டு வாங்குகிற மாதிரி. சொந்த மக் கொண்டுவந்தால் தள்ளுபடி என்று சில உணவகங்களில் தருவார்கள். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபிக் கடைகளில் இதைச் சோதித்து 2018ல் எழுதினார்கள்: தள்ளுபடியால் பெரிய மாற்றம் இல்லை, கப்புக்குத் தனிக் காசு என்று வைத்தபோதுதான் மக்கள் சொந்தக் கோப்பையை எடுத்து வந்தார்கள். உங்கள் கட்டடத்தில் காபிக் கடை இருந்தால் இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

போஸ்டர் பற்றியும் ஒரு வார்த்தை. "நாம் தினமும் இத்தனை ஆயிரம் கப்பை வீசுகிறோம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். அதைப் படிப்பவர் மனதில் பதிவது "ஓ, எல்லோரும்தான் வீசுகிறார்கள்" என்பது. அமெரிக்காவில் அரிசோனாவில், கல்லாய் மாறிய மரங்கள் இருக்கும் தேசியப் பூங்காவில், "நிறையப் பேர் மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்" என்று எழுதிய பலகை வைத்த இடத்தில் திருட்டு கூடியது. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிய இடத்தில் குறைவாக இருந்தது. அதே மாதிரி ஹோட்டல் துண்டுகளை வைத்து ஒரு ஆய்வு, 2008ல் வெளியானது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னதைவிட, "இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்" என்று சொன்னது நன்றாக வேலை செய்தது. அதனால் உங்கள் தளத்தில் நல்லது செய்கிறவர்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். "நேற்று இந்தத் தளத்தில் 90 பேர் டம்ளரில் குடித்தார்கள்" என்பது போல. எண் உண்மையாக இருக்க வேண்டும், அதை எண்ணித் தருகிறவர் பேன்ட்ரி அண்ணனாகவே இருக்கட்டும்.

கேள்வி: வணக்கம் மேடம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஊர் கிருஷ்ணகிரி பக்கம். மூன்று கலரில் தொட்டி வைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் எல்லாம் கிடக்கிறது. சாயங்காலம் எங்கள் பெண்கள்தான் கையைவிட்டுப் பிரிக்கிறார்கள். ஒருமுறை ஒரு சாரிடம் சொன்னதற்கு, "அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்றார். மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

பதில்: தம்பி, அந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் வாயடைத்து நின்றதில் எந்தத் தவறும் இல்லை. எனக்கும் அப்படிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் ஒருவர் மட்டும் சுமக்கக் கூடாது, உங்கள் கட்டட நிர்வாகியிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம் இது. எதைக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் இருக்கும் சின்னக் கூடைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். குப்பை கலக்கிற இடம் அதுதான். வாழைப்பழத்தோல், டிஷ்யூ, பேனா, மிச்ச சமோசா எல்லாம் ஒரே கூடையில் விழுந்த பிறகு யார் பிரித்தாலும் அது பிரிவதில்லை. தளத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் தொட்டி இருக்கட்டும். எழுந்து நடந்து போய்ப் போடுகிறவர், போடுவதற்கு முன் ஒரு நொடி பார்ப்பார். ஈரக் குப்பைக்கான தொட்டி பேன்ட்ரியில் மட்டும் போதும். முதல் வாரம் முணுமுணுப்பு வரும், நிர்வாகியின் பெயரில் மெயில் போயிருந்தால் அது உங்கள் மேல் விழாது.

அடுத்து, தொட்டிமேல் எழுதியிருப்பதை எடுத்துவிட்டுப் பொருளையே ஒட்டுங்கள். உங்கள் தளத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். "உலர் கழிவு" என்பதை எந்த மொழியில் எழுதினாலும் அந்த ஆபீஸில் தினமும் சாப்பிடும் பிஸ்கட் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் புரிவதில்லை. அந்த பிஸ்கட் கவரை, அந்த ஜூஸ் டப்பாவை, அந்த கெட்சப் பாக்கெட்டையே கழுவிக் காயவைத்து அட்டையில் தைத்து மாட்டுங்கள். சந்தேகம் வருகிற பொருள் எது என்று உங்கள் பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களிடமே கேட்டுச் செய்யுங்கள்.

கழிவறையில் நாப்கினுக்குத் தனித் தொட்டியும், சுற்றிப் போட பழைய பேப்பரும் கட்டாயம் இருக்க வேண்டும். உடைந்த கண்ணாடிக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்து மேலே பெரிதாகக் குறி போடுங்கள். கனமான ரப்பர் கையுறை இல்லாமல் ஒருவரும் குப்பையைத் தொடக் கூடாது. கம்பெனி தரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகி மசியவில்லை என்றால், மேலாளர்களில் இரண்டு பேரை ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் பிரிக்கும் மேஜைக்குக் கூப்பிடுங்கள். பிரிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். நான் இருந்த இடத்தில் இதைச் செய்தோம். அன்று வந்தவர்களில் ஒருவர் மறுநாளே தன் டீம் முழுவதையும் உட்காரவைத்துப் பேசினார்.

அந்த சாருக்குச் சொல்ல ஒன்று வேண்டுமென்றால் இந்த ஊரின் கதையையே சொல்லலாம். பெங்களூருவின் கலந்த குப்பை பல வருடம் மாவள்ளிபுரா, மண்டூர் ஆகிய கிராமங்களில் மலை மாதிரிக் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டு, நாற்றம் தாங்காமல், ஜனங்கள் வழியை மறித்து நின்றார்கள். மாவள்ளிபுரா 2012ல் மூடப்பட்டது, மண்டூருக்கு லாரி போவது 2014 கடைசியில் நின்றது. அதற்கு அடுத்த வருடம்தான் உயர் நீதிமன்றம் வீடுகளுக்கு இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையைக் கட்டாயமாக்கியது: பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, சிவப்பில் நாப்கின், டயபர் மாதிரியானவை, பையில் உலர் குப்பை. வீட்டில் இதைச் செய்கிறவர்தானே அந்த சாரும்? பிரித்துப் போட்ட உலர் குப்பை, வார்டில் இருக்கும் சேகரிப்பு மையத்துக்குப் போகும். அங்கே வேலை பார்க்கிறவர்களில் பலர் முன்பு தெருவில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள், 'ஹசிரு தளா' போன்ற அமைப்புகள் அவர்களை ஒன்றுசேர்த்து அடையாள அட்டை வாங்கிக் கொடுத்திருக்கின்றன. சாம்பார் கொட்டிய அட்டைப்பெட்டி அவர்கள் கைக்குப் போனால் விற்க முடியாது, சுத்தமாகப் போனால் அவர்களுக்கு அது காசு.

கேள்வி: எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. ஏ.சி.யை 20ல் வைத்துவிட்டு பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். கூட்டச் சொன்னால் மீதிப் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: சண்டை போடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேற்கு வெயில் விழும் கண்ணாடிச் சுவர் ஓரமாக இருப்பார்கள், நீங்கள் ஏ.சி. காற்று நேராக விழும் இடத்தில் இருப்பீர்கள். ஒரே ரிமோட்டை வைத்து இருவரையும் திருப்திப்படுத்த முடியாது. கண்ணாடிக்கு ஒரு திரை, காற்று வரும் வழியைத் திருப்பிவிடுவது, இடம் மாற விரும்புகிறவர்கள் மாறிக்கொள்வது, இந்த மூன்றையும் செய்துவிட்டு அப்புறம் டிகிரியைப் பற்றிப் பேசுங்கள். சுவரில் இருக்கும் வெப்பம் அளக்கும் கருவி, பிரிண்டருக்கோ காபி மெஷினுக்கோ பக்கத்தில் இருந்தால் அது எப்போதும் சூடு என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து விற்கப்படும் அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24ல் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. 24 வைத்து ஒரு மின்விசிறியையும் ஓடவிட்டால் குறை சொல்கிறவர்களில் பலர் சும்மா ஆகிவிடுவார்கள். இன்னொன்று கேட்கிறேன், உங்கள் ஜன்னல் திறக்குமா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது, நவம்பரிலிருந்து ஜனவரி வரை காலை பதினொரு மணி வரைக்கும் ஏ.சி. எதற்கு என்றே எனக்குப் புரிந்ததில்லை.

கேள்வி: பீன்யாவில் 35 பேர் வேலை செய்யும் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். லைட், ஃபேன், கம்ப்ரஸர் எதையும் அணைக்காமல் போகிறார்கள். இனி ஒவ்வொரு தடவைக்கும் 50 ரூபாய் ஃபைன் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானே மேடம்?

பதில்: வேண்டாம் ஐயா. சம்பளத்தில் அபராதம் பிடிக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, நினைத்தபடி பிடிக்க முடியாது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது பலிக்கவும் பலிக்காது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள், 2000ல் அது வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. டீச்சர் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், காசுதான் கட்டுகிறோமே என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உங்கள் ஷாப்பில் 50 ரூபாய் கட்டிவிட்டு ஃபேனை ஓடவிட்டுப் போகிற நிலைமை வந்துவிட்டால் அப்புறம் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் பில்லில் பெரிய ஓட்டை ஃபேனும் லைட்டுமாக இருக்காது, மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸராக இருக்கும். சரியாகப் பராமரிக்காத இடங்களில் அழுத்தக் காற்றில் 20, 30 சதவீதம் வரை கசிவிலேயே போய்விடுவது சகஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நிறுத்தியிருக்கும்போது, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, உங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவரோடு லைன் நெடுக நடந்து பாருங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி கிளம்பும், சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவருக்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அணைக்கிற விஷயத்துக்கு: கடைசியில் கிளம்புகிறவர் ஆறு இடத்துக்கு ஓடாமல், வாசலுக்குப் பக்கத்தில் ஒரே மெயின் சுவிட்சில் எல்லாம் நிற்கும்படி எலெக்ட்ரிஷியனை வைத்து மாற்றுங்கள். அணைக்கக் கூடாதவை தனி லைனில் இருக்கட்டும். எந்த சுவிட்ச் எதற்கு என்று பெயின்ட்டில் எழுதுங்கள், பல ஷாப்களில் தெரியாமல் எதையாவது அணைத்துத் திட்டு வாங்கின பயத்தினாலேயே தொடாமல் போகிறார்கள். மாத பில்லை நோட்டீஸ் போர்டில் மாட்டி, போன வருடம் இதே மாதத்தைவிடக் குறைந்த தொகையில் ஒரு பங்கை 35 பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். வேலை குறைவாக இருந்த மாதத்தில் பில் தானாகவே குறையும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதுதான் நியாயம்.

கேள்வி: ஜூன் 5க்கு மரக்கன்று நடலாமா?

பதில்: நடுங்கள், ஆனால் அடுத்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதை நடுவதற்கு முன்பே பெயரோடு எழுதி வையுங்கள். குறைந்தது இரண்டு கோடை தாண்டும் வரை அந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.

கேள்வி: அல்சூரில் வீடு, பொம்மசந்திராவில் வேலை. காரில் வருகிறவர்களுக்கு எங்கள் கம்பெனி பெட்ரோல் அலவன்ஸும் இலவச பார்க்கிங்கும் தருகிறது. மெட்ரோவில் வருகிற எனக்கு ஒன்றும் கிடையாது. இதில், பசுமையாகப் பயணம் செய்யுங்கள் என்று மாதாமாதம் மெயில் வேறு!

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு, நீங்கள் அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சளுக்கு மாறிப் போகிறீர்கள். சில்க் போர்டு நெரிசலில் ஒரு கார் குறைகிறது. அதே 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் கூடி, அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆகியிருக்கிறது. அந்தச் சுமையை உங்கள் தலையில் விட்டுவிட்டு மெயில் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

எச்.ஆரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பெட்ரோல் அலவன்ஸ் என்ற பெயரைப் பயண அலவன்ஸ் என்று மாற்றி, எப்படி வந்தாலும் எல்லோருக்கும் ஒரே தொகை. காரில் வருகிறவருக்கு ஒன்றும் குறையாது, உங்களுக்குக் கையில் மிஞ்சும், அவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். இரண்டாவது, ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வாசல் வரை காலையும் மாலையும் ஒரு வண்டி. வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் சுகமாக வந்துவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோவோடு பேரம் பேச வேண்டியிருப்பதால்தான் பலர் மறுபடி டூவீலர் எடுக்கிறார்கள். மூன்றாவது, ராத்திரி எட்டுக்கு மேல் வேலை இழுத்தால் பெண்களுக்கு வீடு வரை வண்டி என்று எழுத்தில் ஒரு உத்தரவாதம். இது இல்லாமல் எந்த வீட்டிலும், "வண்டியை விட்டுட்டுப் போம்மா" என்று சொல்ல மாட்டார்கள். தனியாகப் போகாதீர்கள், மெட்ரோவில் வருகிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் ஆர்.ஓ. மெஷினிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கழிவுக் குழாயை ஒரு டிரம்மில் விடுங்கள். தரை துடைக்க, டாய்லெட் ஃப்ளஷுக்கு, மாப் அலச அது போதும். உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் செடிக்கு மட்டும் தினமும் அதையே ஊற்றாதீர்கள். காவிரித் தண்ணீர்தான் வருகிறது என்றால் ஆர்.ஓ. தேவைதானா என்று ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், சாதாரண ஃபில்டரே போதும் என்று வரலாம். அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது, அதனால் சாக்கடைக்குப் போகும் ஒவ்வொரு குடத்திலும் கரன்ட்டும் சேர்ந்தே போகிறது. 2024 மார்ச் பஞ்சத்தில் குடிநீர் வாரியம் வணிகக் கட்டடங்களில் குழாய் முனையில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் சின்ன மூடி) பொருத்துவதைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். மழை வந்ததும் சில இடங்களில் கழற்றிவிட்டார்கள். உங்கள் வாஷ்பேசினில் இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

கேள்வி: வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது மேடம். எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. எவர்சில்வர் டிபன் பாக்ஸும் டம்ளரும் கொண்டுபோகிறேன், "கிராமத்துப் பொண்ணு" என்று கேலி செய்கிறார்கள். நான் ஒருத்தி செய்து என்ன ஆகப்போகிறது?

பதில்: டம்ளரை விடாதே கண்ணு. முடிந்தால் இன்னொன்றும் சேர்த்து எடுத்துப் போ, பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு டீ எடுத்து வரும்போது அதில் எடுத்து வா. கேலி செய்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சிரித்துவிட்டுச் சாப்பிடு.

அதிகாரம் இல்லாமலே செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஆபீஸ் பிரிண்டர், பட்டனை அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் அச்சடிக்கிறதா, இரண்டு பக்கமுமா என்று பார். ஒரு பக்கம் என்றால் சிஸ்டம் அட்மின் அண்ணனிடம் போய், எல்லோருக்கும் முதலிலேயே இரண்டு பக்கம் என்று செட் பண்ணித் தர முடியுமா, ஒரு பக்கம் வேண்டுகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று கேள். ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதை மட்டும் செய்து பார்த்தார்கள், காகிதச் செலவு 15 சதவீதம் குறைந்தது, யாரிடமும் ஒரு அறிவுரையும் சொல்லாமல். அந்த அண்ணனுக்கு அது கொஞ்ச நேர வேலைதான். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால், மாதத்துக்கு எத்தனை கட்டு பேப்பர் வாங்குகிறார்கள் என்பதையும் ஒரு கட்டின் விலையையும் ஸ்டோரில் விசாரித்து ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி அவரிடமே கொடு, அவர் எடுத்துப் போகட்டும். திங்கட்கிழமை கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.